மன்னர் படத்துக்குப் பின்னால்

அத்தியாயம் பதினொன்று

ஐரோப்பாவில் யார் யாரோடு சண்டைக்கு நிற்கிறார்கள் என்பது இருக்கட்டும். ரப்பர் விலை ஏறியதும் இறங்கியதும் இருக்கட்டும். மலாயா நாட்டு மக்கள் அனைவரும் ஒரு நிமிஷம் கைவேலையை நிறுத்திவிட்டு இதைக் கேட்க வேண்டும்: வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், மின்சார இலாகாவின் உத்தியோகஸ்தர் ஒருவர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில், அறுபத்தோராம் இலக்க வீட்டுக்கு எழுந்தருளி, அவ்வீட்டின் கம்பி, சுவிட்சு, பல்பு வகையறாக்களைப் பரிசோதனை செய்வார்.

இப்படித்தான் வல்லிபுரம் அந்தக் கடிதத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். கோட்டுப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டு. ரயில்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் எழுதி எழுதித் தலைமைக் கிராணியாக ஓய்வு பெற்றவர் அவர். அரசாங்கக் கடிதம் எதையும் உட்கார்ந்தபடி வாசித்த வரலாறு கிடையாது.

வீட்டார் என்பது இரண்டு பேர். மனைவி புனிதவதி. மகள் இராசேஸ்வரி.

கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "எமக்குக் கிடைத்த மனுவின் பேரில்" என்ற வரி. அங்கே வந்ததும் வல்லிபுரத்தின் மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மனுவா? இந்த வீட்டைப் பற்றியா? எழுதியது யார்?

சனிக்கிழமை வந்தது கடிதம். அன்றிலிருந்து அவர் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில்தான் பார்த்தார்.

இந்தக் கதையை இடையில் விட்டுவிட்டு வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. போன சித்திரையில் வல்லிபுரம் பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டார். வாசலில் தொங்கிய பலகையில் 'மின்சார விளக்குள்ள அறை' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார். அறையில் விளக்குத்தான் இல்லை. எனவே கம்பி வாங்கினார், ஆணி வாங்கினார், ஏணி இரவல் வாங்கினார், ஒரு புத்தகத்தில் இரண்டரைப் பக்கம் வாசித்தார். ஹாலிலிருந்து சுவரைத் துளைத்து, குளியலறைத் தகரச் சுவரின் மேல் வரிசையாக ஆணி அடித்து, பின்கட்டுக்குக் கம்பியைக் கொண்டு சேர்த்தார். இலாகாவுக்குச் சொல்லவில்லை. இலாகாவின் ஏட்டில் அந்த வீட்டுக்கு இன்றும் நாலே விளக்கு.

மழை தொடங்கியதிலிருந்து, மூன்று மாதமாக, அந்தத் தகரம் அடிக்கிறது.

ஈரக் கையால் தொட்டால் சுருக்கென்று ஓர் இழுவை. புனிதவதி முதல் நாளே சொன்னாள். வல்லிபுரம் யோசித்துப் பார்த்து, அது வாத நோய் என்று தீர்ப்பளித்து, ஒரு போத்தல் தைலம் வாங்கிக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை வீடே இருண்டு போனபோதும் ஆள் கூப்பிடவில்லை. புனிதவதியின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, பியூஸ் பெட்டிக்குள் சொருகினார். விளக்கு எரிந்தது. "பார்த்தீரோ?" என்றார்.

அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு சீனன் கடையில் மரக்கட்டைச் செருப்பு இரண்டு சோடி வாங்கினாள். ஒன்று தனக்கு. மற்றது பின்கட்டில் குடியிருக்கும் லெட்சுமிக்கு. லெட்சுமிக்கு ஏழு மாசம்.

*

புதன்கிழமை விடியும்போதே மழை.

புனிதவதி எழுந்து வந்தபோது வல்லிபுரம் ஏற்கெனவே குளித்து, விபூதி பூசி, ஹாலில் குந்தியிருந்தார். கையில் சுத்தியல். வாயில் இரண்டு ஆணி.

"என்னப்பா செய்யிறியள் விடியக்காலமை?"

ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "மன்னரை இடம் மாத்துறன்."

ஒன்பது வருஷமாகப் பிரிட்டிஷ் மன்னர் வாசற்கதவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், பதக்கங்களோடு இருந்தார். புயல் மழைக்கும் அசையாதவர்.

"ஏன், அவருக்கு அங்கை என்ன குறை?"

"வாறவர் அரசாங்க உத்தியோகத்தர். உள்ளுக்குக் கால் வைச்ச உடனை மன்னரைக் காண வேணும். உமக்கு உதுகள் விளங்காது, விடும்."

புனிதவதிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஏனென்றால் மன்னரின் புதிய இடம் குடை வைக்கும் மூலை. தரையிலிருந்து இடுப்பளவு உயரம். அவ்வளவு பதிவாக எந்த ராஜ விசுவாசியும் மன்னரை மாட்டியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அவர் கோட்டுத் தேடி அறைக்குள் போனதும் கிட்டே போய்ப் பார்த்தாள். சட்டத்துக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ பல்லி வால்போல் எட்டிப் பார்த்தது. தொடவில்லை. தொடாமலே தெரிந்தது. பின்கட்டுக் கம்பி.

அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். குளியலறை வாசலில் இன்னொன்று கண்ணில் பட்டது.

வல்லிபுரத்தின் கான்வாஸ் சப்பாத்து. அடியில் தடித்த ரப்பர் வைத்தது. சொட்டச் சொட்ட நனைந்து, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ரயில்வே ஆட்கள் டென்னிஸ் விளையாடப் போட்டுக்கொள்ளும் சப்பாத்து அது. வல்லிபுரம் டென்னிஸ் பந்தைக் கையால்கூடத் தொட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று வாங்கி வந்தார். 'வழுக்காமல் இருக்க' என்றார். அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறார்.

மூன்று மாதம்.

புனிதவதி சப்பாத்தைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். தன் வாதத் தைலப் போத்தல் ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போடப் போனாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் பேசாமல் போய்ப் போட்ட தேத்தண்ணி எத்தனையோ. இன்றையது கொஞ்சம் கடுப்பாக இருந்தது.

*

ஏழரைக்கு விசாரணை கூடியது.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள், பேனா, மைக்கூடு. தலைப்பக்கத்தில் வல்லிபுரம். கோட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது.

"ஒரு மொட்டைக் கடிதம் பிடிபடுறது எதாலை? கையெழுத்தாலை. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரும் எழுத வேணும். பிறகு இலாகாவிலை இருக்கிற கடிதத்தோடை ஒப்பிடுவன்."

"எழுதுங்கோ எண்டால் என்னத்தை எழுதிறது, அப்பா?" என்றாள் இராசேஸ்வரி. கான்வென்ட்டில் ஜூனியர் வகுப்பு முடித்தவள். அப்பாவின் மனுக்களில் எழுத்துப் பிழை கண்டுபிடித்த ஒரே மனித ஜீவன்.

"'தங்கள் பணிவும் கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன்.' இங்கிலீஷிலை."

"நான் ஊழியன் இல்லையே. ஊழியை."

"வாய் காட்டாதை. எழுது."

எழுதினாள். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்ததாகக்கூடச் சொல்லலாம்.

"நல்ல வடிவாய் இருக்குது. சந்தேகப்பட வேண்டிய வடிவு."

"நான் மனு எழுதியிருந்தால் கீழை பேரும் போட்டிருப்பன், அப்பா."

"அதுதான் எனக்குப் பயம்."

அடுத்தது கன்னையா. என்ஜின் ஷெட்டில் கரி தள்ளுகிறவன், லெட்சுமியின் புருஷன். பிற்பகல் ஷிப்டு என்பதால் அகப்பட்டுக்கொண்டான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"எழுது, கன்னையா."

"ஐயா, எனக்கு எம் பேரே எழுத வராதுங்களே. கட்டை விரல்தான் வைப்பேன்."

"பேர் எழுத வராது. ஓகோ." வல்லிபுரம் நாற்காலியில் சாய்ந்தார். "மொட்டைக் கடிதத்திலை பேர் இருக்குமோ?"

"இருக்காதுங்க."

"பார்த்தியா?"

கன்னையா என்னத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். இராசேஸ்வரி இருமினாள். சிரிப்பை இருமலாக்குவது அந்த வீட்டுப் பெண்கள் சின்ன வயதிலேயே படித்துக்கொள்கிற வித்தை.

வாசலில் நின்ற புனிதவதி கேட்டாள். "எனக்குச் சோதனை இல்லையோ?"

"உமக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

"தமிழிலை எழுதியிருந்தால்?"

சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக வல்லிபுரம் சிரித்தார். "அரசாங்கத்துக்கு ஆரும் தமிழிலை மனு எழுதுவினமோ? அது சலவைக் கணக்குப் பாஷை. நீர் சும்மா இரும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். கையெழுத்துத் தேவைப்படாத குற்றவாளி ஒருவர் இருந்தார். எதிர்வீட்டுத் தம்புசாமி. இந்த வருஷ ஆரம்பத்தில்தான் அவர் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. போன மாதம் கூரையில் காற்றாடியே மாட்டிவிட்டார். மனிதர் வாசலில் நின்று பல் விளக்கும்போதுகூட அந்தக் காற்றாடி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். "காத்தாடிக்காரன்தான் இதுக்குப் பின்னாலை நிக்கிறான். காத்து வாங்குறவனுக்கு வேறை என்ன வேலை?"

விசாரணை முடிந்ததும் உத்தரவுகள். கன்னையா பின்கட்டு பல்பைக் கழற்றி ஒளித்து வைக்க வேண்டும். உத்தியோகத்தர் போகும் வரை லெட்சுமி வெளியே தலை காட்டக் கூடாது. பின்கட்டு என்று ஒன்று இருப்பதையே இன்று எல்லாரும் மறந்துவிட வேண்டும்.

"குளிக்கப் போக வேணாங்களா?" என்றான் கன்னையா.

"பன்னிரண்டு மணிக்குப் பிறகு."

*

பத்தே காலுக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒல்லியான ஆள். தொப்பியிலிருந்து மழைத்தண்ணி வழிந்தது. தோளில் ஒரு கான்வாஸ் பை, சைக்கிள் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மரப்பெட்டி.

வாசலில் காத்திருந்த வல்லிபுரம் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார்.

"துரை பின்னாலை காரிலை வாறாரோ?"

"துரை யாரும் வரலீங்க. நான்தான் இன்ஸ்பெக்டர். ராதாகிருஷ்ணன்."

வல்லிபுரம் தெருமுனையை இன்னொரு தரம் பார்த்தார். துரைக்காக இரவல் வாங்கிய மெத்தை நாற்காலி, வெள்ளி விளிம்புக் கோப்பை, சுருட்டு, அறையில் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வரவேற்புரை எல்லாம் ஒரே நொடியில் உபயோகமற்றுப் போயின. கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

"உள்ளுக்கு வாரும்," என்றார். "காலைத் துடைச்சுப்போட்டு."

ராதாகிருஷ்ணன் காலைத் துடைத்தான். நேரே மீட்டரிடம் போனான். மெயின் சுவிட்சை இறக்கினான். பியூஸ் பெட்டியைத் திறந்து பீங்கான் துண்டை உருவினான். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது யாருடையதுங்க?"

கொண்டை ஊசி.

"என்ரை," என்றாள் புனிதவதி.

அவன் அதை மரியாதையாக இரண்டு விரலால் எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக் கொண்டையில் சொருகிக்கொண்டாள். ஐந்து நாள் அந்த வீட்டைத் தாங்கிய ஊசி.

"பியூஸுன்னா அறுந்து போகத்தான் சார் வைக்கிறது. அது அறுந்தா நாம பொழைச்சோம். இந்த ஊசி அறாது. அதுக்கு முன்னால வீடு பத்திக்கும்."

"அது தற்காலிக ஏற்பாடு," என்றார் வல்லிபுரம். தற்காலிக ஏற்பாடு என்பது ரயில்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஓடிய ஏற்பாடு.

மரப்பெட்டியில் ஒரு கைப்பிடி இருந்தது, மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். வீட்டுக் கம்பிகளை அதில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், கம்பி எங்காவது கசிகிறதா என்று முள் சொல்லுமாம். ராதாகிருஷ்ணன் சுழற்றினான். ஏறியிருக்க வேண்டிய முள் அடிவாரத்திலேயே படுத்துக் கிடந்தது.

"எங்கியோ கசியுதுங்க."

"மழை," என்றார் வல்லிபுரம் உடனே. "சுவர் எல்லாம் ஈரம். கிள்ளான் ஆறு வேறை பக்கத்திலை."

"ஏட்டுல நாலு விளக்கு இருக்கு. அது போக வேற எங்கயும் கம்பி இழுத்திருக்கீங்களா?"

"தம்பி, நான் தலைமைக் கிராணியாய் இருந்தவன். முப்பத்தொரு வருஷம். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது."

அது பதில் இல்லை என்று புனிதவதிக்குத் தெரிந்தது. ராதாகிருஷ்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். நாலு விளக்கையும் பார்த்தான். சுவரைப் பார்த்தான். குடை மூலையில் இடுப்பளவில் வீற்றிருந்த மன்னர் முன்னால் ஒரு கணம் நின்றான்.

வல்லிபுரம் நடுவில் வந்து நின்றார். "மன்னர்," என்று அறிமுகம் செய்தார்.

"தெரியுதுங்க. ஏன் இவ்வளவு கீழ?"

"பக்தி."

ராதாகிருஷ்ணன் கையை நீட்டினான். "கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமா?"

"அரசாங்கச் சம்பளம் வாங்குறவர் நீர். மாட்சிமை தங்கிய மன்னரைச் சுவரிலையிருந்து இறக்கினீர் எண்டு நான் உம்மடை துரைக்கு எழுதினால் என்ன நடக்கும்? யோசிச்சுப் பாரும்."

கை கீழே இறங்கியது. சைக்கிளில் வருகிற இன்ஸ்பெக்டருக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. யோசித்தான். புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

"சரிங்க. மழைன்னு எழுதிக்கிறேன். ஒரு மாசம் கழிச்சு, காய்ஞ்ச நாளா பாத்துத் திரும்ப வந்து சோதிக்கிறேன்."

பீங்கானில் முறையான பியூஸ் கம்பியைக் கட்டினான். மெயின் சுவிட்சை ஏற்றினான். டக்கென்று சத்தம்.

வல்லிபுரத்தின் மீசை நேராகியது.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து வாளி நகரும் ஓசை. லெட்சுமியின் குரல். வெளியே தலை காட்டக் கூடாது என்ற உத்தரவே தெரியாத குரல்.

"அம்மோவ்! என் கட்டைச் செருப்பு வாரு அந்து போச்சும்மா! பரவால்ல, வெறுங்காலோட ஒரு சொம்பு ஊத்திட்டு வந்துர்றேன்!"

ஒரு மாசம், என்று புனிதவதி நினைத்தாள். ஒரு மாசம் கழித்துக் காய்ந்த நாள்.

கணவனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கால் விரல்கள் தரையில் சுருண்டன. அதை அவள் கண்டாள். அதோடு சந்தேகம் என்று எதுவும் மிச்சம் இல்லை.

"லெட்சுமி! தொடாதை! அப்பிடியே நில்லு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய குரல் ஒன்று இருப்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு குடை மூலைக்கு நடந்தாள்.

"இஞ்சாரும், என்ன செய்யிறீர்?"

"தூசி தட்டப் போறன்."

மன்னரை இரண்டு கையாலும் தூக்கினாள். சுவரிலிருந்து எடுத்து, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தாள். துரைக்கு வாங்கி வைத்த நாற்காலி வீண் போகவில்லை.

சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கம்பி. கம்பியில் துணி சுற்றிய ஒரு முடிச்சு.



ராதாகிருஷ்ணன் பென்சிலைக் காதில் சொருகினான். "இது எங்கங்க போகுது?"

"வாருங்கோ, தம்பி. நான் காட்டுறன்," என்றாள் புனிதவதி.

*

குளியலறை வாசலில் லெட்சுமி சொம்போடு, சொன்ன இடத்தில், சொன்னபடியே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கன்னையா, ஒளித்து வைக்கச் சொன்ன பல்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

ராதாகிருஷ்ணன் பையிலிருந்து ஒரு சின்னப் பல்பை எடுத்தான். இரண்டு கம்பி தொங்கியது. ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் வைத்தான். மற்றதைத் தகரத்தில் வைத்தான்.

பல்பு எரிந்தது.

சுவிட்சு யாரும் போடவில்லை. அங்கே சுவிட்சே இல்லை. வெறும் தகரம், வெறும் குழாய், நடுவில் மங்கலாய், மஞ்சளாய் ஒரு வெளிச்சம்.

"இந்தத் தகரத்துலதாங்க இவ துணி காயப் போடுவா," என்றான் கன்னையா.

வல்லிபுரம் கழுத்துப் பொத்தானை மறுபடி பூட்டிக்கொண்டார்.

ராதாகிருஷ்ணன் ஆணி வரிசையை விரலால் எண்ணிக்கொண்டு போய் ஐந்தாவதில் நின்றான். "இதோ. கம்பி மேல சுத்தின துணியக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கு. வெயில் நாள்ல சும்மா கிள்ளும். இந்த மழையில, வெறுங்காலோட, ஈரக் கையோட பிடிச்சா ஆளை விடாது சார். யாரு அடிச்சதுங்க இந்த ஆணி?"

எல்லாரும் யாரையும் பார்க்காமல் இருந்தார்கள். அது போதுமான பதில்.

மெயினை மறுபடி இறக்கினான். பின்கட்டுக் கம்பியை வெட்டிச் சுருட்டினான். சுவிட்சில் ஈய முத்திரை வைத்து, சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினான். லைசென்ஸ் உள்ள ஆள் வந்து வீடு முழுக்கப் புதிதாகக் கம்பி இழுத்து, இலாகா மறுபடி சோதித்த பிறகுதான் மின்சாரம். அதுவரை மண்ணெண்ணெய்.

வல்லிபுரத்துக்கு இப்போதுதான் கோபம் வந்தது.

"எல்லாம் சரி. எழுதினவன் ஆர்? அதை எனக்குத் தெரிய வேணும். எனக்கு உரிமை இருக்குது!"

"பொதுவா அதைக் காட்டக் கூடாதுங்க."

"காட்டும்!"

"உங்களுக்குன்னா காட்டலாம்." ராதாகிருஷ்ணன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். "உங்களுக்கு மட்டும்தான் காட்டலாம்."

நாலு பக்கம். அருமையான கையெழுத்து. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் வால் சுழித்திருந்தது. எட்டு மாசத்துக்கு முந்திய தேதி. தம்புசாமி வீட்டுக்கு மின்சாரம் வந்த சமயம். அப்போது வல்லிபுரம் சுத்தியலைக் கையில் எடுத்திருக்கவில்லை.

இராசேஸ்வரி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அம்மாவுக்காகத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தாள். "'இத்தெருவில், முக்கியமாக அடியேன் வீட்டுக்கு எதிரே, அரைகுறைகள் கம்பி இழுத்து உயிர்களுக்கு ஆபத்து விளைவிக்கின்றபடியால், ஒவ்வொரு வீட்டையும், வாடகைக்கு விட்ட பகுதிகளை விசேஷமாகவும், குறித்த காலத்துக்கு ஒருமுறை, தயவு தாட்சணியம் இன்றிச் சோதனை செய்ய வேண்டுமென்று...' அப்பா, நல்லாய்த்தான் எழுதியிருக்கிறியள். ஒரு இடத்திலைதான் பிழை."

கடைசிப் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் துரையின் குறிப்பு இரண்டு வரி.

"அது என்ன, பிள்ளை?" என்றாள் புனிதவதி.

"'நல்ல யோசனை. எழுதியவர் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.'"

கட்டைத் திரும்ப மடிக்கும்போது அதிலிருந்து ஒரு துண்டுத் தாள் நழுவி விழுந்தது. புனிதவதி குனிந்து எடுத்தாள். தமிழ். ஒரே வரி. 'குளியலறைத் தகரம் அடிக்கிறது, ஆள் சாகுமுன் வாருங்கள்.' கீழே வீட்டு இலக்கம். பேர் இல்லை.

ராதாகிருஷ்ணன் அதை மெல்ல வாங்கிக்கொண்டான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "ஐயாவோட நாலு பக்கம் எட்டு மாசமா தூங்கிக்கிட்டு இருந்துச்சும்மா. போன வாரம் இது வந்துதான் அதை எழுப்பிச்சு."

தாளின் விளிம்பில் மஞ்சள் கறை. அது அவளுடைய அடுப்படிக் கொப்பியின் தாள். அம்மிக்கு மேலே தட்டில், சாமான் கணக்கு எழுத வைத்திருக்கும் கொப்பி. அவள் எழுதவில்லை. கன்னையாவுக்கு எழுத வராது. லெட்சுமிக்கும் வராது. இராசேஸ்வரி அடுப்படிக்குள் வருவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அவள் எழுத்து இப்படி இருக்காது, ஒருவேளை இடது கையால் எழுதினால் தவிர.

மகளைப் பார்த்தாள். இராசேஸ்வரி மெத்தை நாற்காலியில் இருந்த மன்னரை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மழை விட்டது. சைக்கிள் போயிற்று. மன்னர் வாசற்கதவுக்கு மேலே, தம் பழைய ஆணிக்கே திரும்பினார். எதிர்வீட்டில் காற்றாடி சுற்றும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

வல்லிபுரம் மேசையில் உட்கார்ந்து புதிய தாள் எடுத்தார். பொருள்: உரிய மரியாதை இன்றி மன்னர் படத்தைக் கையாள அனுமதித்த இன்ஸ்பெக்டர் மீது முறையீடு. முதல் பத்தி அபாரமாக வந்தது. இரண்டாவது பத்தியில், படத்தைக் கையாண்டது யார் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது.

குளியலறையில் லெட்சுமி தகரத்தில் சாய்ந்துகொண்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, வெறுங்காலோடு குளித்தாள். சொம்புச் சத்தம் ஹால் வரை கேட்டது.

புனிதவதி வந்தாள். காய்ந்துகொண்டிருந்த கான்வாஸ் சப்பாத்தை அவர் தாளின் மேலேயே வைத்தாள். இரண்டையும். சோடியாக.

"மூண்டு மாசம்," என்றாள்.

அவர் சப்பாத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில்கூடப் பார்க்கவில்லை.

"வழுக்குமெண்டு..." என்று தொடங்கினார்.

"எனக்குத் தைலம் வாங்கித் தந்தியள்."

அவள் தேத்தண்ணி போடப் போகவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை வல்லிபுரம் வெறுங்காலோடு குளித்தார்.